சொட்டவில்லை என்பது சாட்சியாகுமா?

மழை இல்லாத மாதத்தில் எந்தக் கூரையும் ஒழுகுவதில்லை. பழைய மோட்டார்ஹோம் விற்கிறவர்கள், “இதுவரைக்கும் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை” என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்வதில்லை. வண்டி கொட்டகைக்குள் நின்றிருக்கும். இல்லையென்றால் மழை நாளில் யாரும் அதற்குள் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்த்தவரையில் சொட்டு இல்லை, அவ்வளவுதான். காணவில்லை என்பதிலிருந்து இல்லை என்று சொல்ல ஒருவருக்கு எப்போது உரிமை வருகிறது? சில ஆண்டுகளாக நான் இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

நானும் என் கணவரும் வசிப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். எங்கள் வண்டி 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. கட்டிய கம்பெனி இன்று இல்லை. அந்தக் காலத்துக் கட்டுமானத்தைப் பரவலாக்கியது பக்கத்து மாநிலமான அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் தொடங்கிய வின்னபேகோ. 1966இல் மோட்டார்ஹோம் கட்ட ஆரம்பித்த அவர்கள், வெளியே அலுமினியத் தகடு, நடுவே ஸ்டைரோஃபோம், உள்ளே ப்ளைவுட் என்று சுவரை ஒரே பலகையாக ஒட்டி எடுத்தார்கள். எடை குறைந்தது, விலையும் குறைந்தது. எங்கள் வண்டியும் கிட்டத்தட்ட அதே முறைதான். தகடும் தகடும் சேரும் மூலைகளில் ஒரு பட்டை, அதன் கீழே பிசின் டேப், அதன் மேல் வரிசையாகத் திருகாணிகள். ஐம்பது வருடத்தில் டேப் காய்ந்து வெடித்துவிடுகிறது. இடுக்கில் நின்ற நீர் குளிரில் உறைந்து, ஒன்பது சதவீதம் போலப் பருத்து, இடுக்கை இன்னும் கொஞ்சம் விரிக்கிறது. யார் கட்டிய வண்டியானாலும் இது நடக்கும்.

இதில் சிரமம் என்னவென்றால், தண்ணீர் நுழைந்த இடத்தில் சொட்டுவதில்லை. மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, எங்கேயாவது ஒரு ஆணித் தலையில் நின்று இறங்குகிறது. அமெரிக்கச் சட்டப்படி 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள வண்டியின் நெற்றியில் ஐந்து விளக்குகள் இருக்க வேண்டும்: நடுவில் மூன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. பின்பக்கம் அதேபோல் ஐந்து சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஒயர் போக ஒரு துளை. எங்கள் அடுப்புக்கு மேலே, உட்கூரைப் பலகையில் இருந்த பழுப்புக் கறைக்குக் காரணம், அதற்கு எட்டடி முன்னால் இருந்த இடது ஓர விளக்கு.

இதைத் தொலைபேசியில் கேட்ட என் சித்தப்பா, மயிலாடுதுறையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், “அட, இது மணிமேகலையில இருக்கும்மா. எச்சம்னு சொல்வான் பாரு, எடுத்துப் படி” என்றார்.

இருக்கத்தான் செய்தது. 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, நாம் ஒன்றை அறிவதற்கான வழிகள் பத்து என்கிறான். அதில் கருதல் என்பதற்குள் மூன்று பிரிவுகள். கருக்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது பொது. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். கீழே வந்த தண்ணீரை வைத்து மேலே நடந்ததைச் சொல்வது! கறையின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் இந்த எடுத்துக்காட்டின் அருமை தெரியும்.

ஆனால் இந்தக் கருதலுக்கு ஒரு பலமான எதிர்ப்பும் பழைய நூல்களில் இருக்கிறது. நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் எதிராளி கேட்கிறான்: கீழே யாரோ ஆற்றை அடைத்ததாலும் வெள்ளம் ஏறலாமே, மேலே மழை என்று எப்படிச் சொல்வாய்? நியாயமான கேள்வி. மோட்டார்ஹோமுக்குள்ளும் ஈரத்துக்கு மழை ஒன்றுதான் காரணம் என்பதில்லை. தண்ணீர்க் குழாயின் இணைப்பு கசியலாம். குழாயைத் திறக்காதபோதே பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை உறுமி அடங்கினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று நம் மூச்சும் அடுப்பும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அக்டோபர் இரவில் சன்னலை மூடிக்கொண்டு சாம்பார் வைத்தால் அந்த நீர் எங்கே போகும்? குளிர்ந்த அலுமினியத்தில் போய்ப் படிந்து முத்து முத்தாக வழிகிறது. அதை ஒழுக்கு என்று நினைத்துக் கூரை முழுவதும் பசை பூசுகிறவர்கள் உண்டு.

எதிராளிக்கு உரைகாரர் வாத்ஸ்யாயனர் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. மழை வெள்ளம் வேறு மாதிரி இருக்கும் என்கிறார் அவர். வேகம் கூடியிருக்கும், நுரையும் இலையும் பழமும் கட்டையும் அடித்துக்கொண்டு வரும். வெறுமனே நீர் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போதாது, என்ன மாதிரி நீர் என்று பார்க்க வேண்டும். கறையும் அப்படித்தான். மரத்துக்குள் ஊறி வந்த மழைநீர் தேநீர் நிறத்தில் வளையம் போடும். மூச்சில் படிந்த நீர் தெளிவாக இருக்கும், உலோகத்திலும் கண்ணாடியிலும் இருக்கும், காலையில் வெயில் ஏறினால் போய்விடும். குழாய்க் கசிவு கோடையிலும் வரும்.

அதே காதையில் அறிவுக்கு வரும் குறைகள் எட்டு என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆராயாமலே முடிவு கட்டுவது அவற்றில் ஒன்று. சிலிக்கான் பசைக் குழாயைக் கண்டாலே எனக்கு அந்த வரி நினைவுக்கு வருகிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஏறிச் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டு இறங்குவது எளிது. அதன்மேல் பின்னால் வேறு எதுவும் ஒட்டாது. புதுச் சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது. முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகுதான் உண்மையான வேலையைத் தொடங்க முடியும். வேலை என்பது விளக்கைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, விளிம்பின் கீழே புது ப்யூட்டில் டேப் வைத்து, திருகாணியைச் சீராக இறுக்கி, பிதுங்கியதை வெட்டி எடுப்பது. கூரையின் மட்டமான பரப்பில் தானாகப் பரவிப் படியும் சீலன்ட். தெரிந்துவிட்டால் அரை நாள் வேலை.

தெரிந்துகொள்வதுதான் வேலை. அதைவிடக் கடினம், முடிந்தது என்று தெரிந்துகொள்வது.

விளக்கை மாற்றிய பிறகு வந்த மழையில் சொட்டவில்லை. சரியாகிவிட்டதா? அளவைவாதியின் பத்து வழிகளில் அபாவம் என்றும் ஒன்று உண்டு. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. இதைத் தனி வழியாக ஏற்றுக்கொண்ட மீமாம்சகரான குமாரிலரின் மரபினரும் அத்வைதிகளும் ஒரு நிபந்தனை போட்டார்கள். இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் காணாமல் போனால்தான் அது இல்லை என்று ஆகும். வெளிச்சமான அறையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணோம் என்றால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. இத்தனை எளிய ஒரு நிபந்தனை இவ்வளவு தூரம் போகும் என்று படிக்கும்போது நான் எண்ணவில்லை.

அந்த மழை காற்றில்லாமல் நேராகப் பெய்த மழை. வண்டியோ நின்றுகொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்தில் போகும்போது மழை நெற்றியில் மோதி, பட்டைக்கு அடியில் மேல்நோக்கி ஏறும். ஆகவே அன்று சொட்டாதது இருட்டறையில் குடத்தைக் காணாததைப் போல. வெளிச்சத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். கூரையில் இருக்கும் காற்றுப்போக்கி ஒன்றில் ப்ளோயரைப் பொருத்தி, சுற்றிலும் அட்டையும் டேப்பும் வைத்து அடைத்து, கதவு சன்னல்களை மூடி உள்ளே காற்றழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவோம். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால் திறப்பு இருக்கும் இடத்தில் குமிழி எழும். சொட்டு வழி தவறியவர்போல் எங்கோ தலைகாட்டும். குமிழியோ நுழைவாயிலிலேயே எழுகிறது. அதற்குப் பிறகு தோட்டத்துக் குழாய். கீழிருந்து மேலாக, ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்துவிடும், எது வழிவிட்டது என்று சொல்ல முடியாது. கணவர் வெளியே குழாயைப் பிடிப்பார், நான் உட்பலகையைக் கழற்றிவிட்டு டார்ச்சோடு உட்காருவேன். கடைசியாக, மரத்தில் இரண்டு ஊசியைக் குத்தி ஈரம் அளக்கும் மீட்டர். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளராது. கை வைத்து “காஞ்சுதான் இருக்கு” என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் அது வண்டியோடு நிற்காது. அதே 27ஆம் காதையில் வரும் பூதவாதி, கண்ணால் கண்டதே மெய் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். கூர்மையான பதில்தான். ஆனால் கடவுளைத் தேடிப் பார்த்தேன், காணோம், ஆகவே இல்லை என்பவரிடம் நான் வேறொன்று கேட்பேன்: இருந்திருந்தால் எப்படித் தெரிந்திருப்பார், சொல்லுங்கள். அதற்கு விடை இல்லாதவரை அந்தத் தேடல் இருட்டறைத் தேடல். இதே கேள்வியை நான் என் பக்கத்து ஆட்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. “ஒரு குறையும் வராம முருகன் பாத்துக்கறான்” என்று கோயிலில் பேசிக்கொள்கிறோம். வராத குறையைச் சாட்சியாக்கினால், குறை வந்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வோம்? எங்கள் வண்டியில் ஸ்டியரிங்குக்கு மேலே முருகன் படம் இருக்கிறது. வண்டி எடுக்கும்போது கும்பிடுகிறேன். காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லா அளவைகளையும் அடக்கினார் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார். என் நம்பிக்கை மூன்றாவதில் நிற்கிறது. நான் மதிக்கிறவர்கள் சொன்ன சொல்லில். விபத்து நடக்காத பயணங்களின்மேல் அதை நான் கட்டவில்லை, கட்டவும் மாட்டேன்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. இங்கே ஒரு பொங்கல் விழாவில் இளையவர் ஒருவர், “அமெரிக்கா வந்தப்புறம் நம்ம ஆளுங்ககிட்ட சாதியெல்லாம் நான் பாத்ததே இல்லக்கா” என்றார். மனதாரச் சொன்னார். நான், “எங்கே பாத்தீங்க தம்பி?” என்று கேட்டேன். சேர்ந்து சாப்பிடுகிறோம், மேடையில் சேர்ந்து பாடுகிறோம். அங்கே பார்த்தால் தெரியாதுதான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தொலைபேசியில் மெல்லிய குரலில் என்ன விசாரிக்கிறார்கள், “உங்களுக்கு எந்த ஊர்?” என்பதற்குப் பிறகு எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று ஏன் கேட்கிறார்கள், ஒருவர் தன் சாதியைச் சொன்ன பிறகு அழைப்புகள் குறைகின்றனவா, அங்கே பார்க்க வேண்டும். அதைவிட, அந்தக் கேள்விகளுக்கு ஆளானவரைக் கேட்க வேண்டும். நேராகப் பெய்த மழையில் நின்றுகொண்டு கூரை நல்ல கூரை என்று சொல்வது எனக்கு இனி முடியாது. நல்ல மனிதர்கள், நேர்மையாகவே, நாள்தோறும் அதைச் சொல்கிறார்கள்.

இதற்கு எல்லையும் உண்டு. வண்டியைச் சோதிக்கும்போதே பிரஷர் வாஷரைப் பிடிக்கக் கூடாது. நன்றாக இருக்கும் டேப்பையும் அது பிய்த்துக்கொண்டு உள்ளே போகும், பிறகு அது நாம் போட்ட ஓட்டை. மனிதர்களை அப்படிச் சோதிப்பது பாவம். நண்பன் உண்மையானவனா என்று பார்க்க ஒரு பொய்யை விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இருந்த நட்பையே அது கெடுக்கிறது. மனிதர் விஷயத்தில் சோதனையை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. அது தானே வரும்போது கண்ணை மூடிக்கொள்ளாமல் இருப்பதும், வராதவரைக்கும் தெரியாது என்று சொல்வதும் நம் கடமை.

நெற்றி விளக்குகள் ஐந்தும் இப்போது சரி. ப்ளோயரும் குழாயும் வைத்துப் பார்த்தாயிற்று. பின் சன்னலின் வலது கீழ் மூலையில் மட்டும் மீட்டர் 20ஐத் தாண்டிக் காட்டுகிறது. வெளியே குமிழி எழவில்லை, குழாய்த் தண்ணீரில் சொட்டவும் இல்லை. கட்டில் அந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது, இரவெல்லாம் எங்கள் மூச்சு அங்கேதான் படுகிறது. அடுத்து கட்டிலை ஒரு கை அளவு நகர்த்திப் போட்டு, சன்னலைச் சிறிது திறந்து வைத்து, மரம் காய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை சீலன்ட் டப்பாவைத் திறக்கப் போவதில்லை.