எச்சம்

மண்ணுக்கு மன்னிக்கத் தெரியும் என்று நண்பர் ஒருவர் கடிதத்தில் எழுதியிருந்தார். வயலில் தங்கிவிட்ட பூச்சிமருந்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களைப் பற்றிப் படித்த உற்சாகம். வாக்கியம் அழகாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டயஸினான் என்ற மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்ட நெல்வயல்களில், போடப்போட அது சீக்கிரமாகவே சிதைந்துபோவதை சேதுநாதனும் பாதக்கும் 1972இல் எழுதினார்கள். மறு வருஷம் சேதுநாதனும் யோஷிதாவும் அதைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியத்தை விவரித்தார்கள். அது பாரத்தியானையும் உடைத்தது. ஆனால் பாரா நைட்ரோஃபீனால் என்கிற கட்டம்வரைதான். அதுவும் விஷம், அதைத் தின்ன வேறு கிருமி வேண்டும்.

பயிரைக் காக்க நினைப்பவனுக்கு, மருந்து வயலில் நிற்கவில்லை என்பது நஷ்டம். மண்ணைச் சுத்தம் செய்ய நினைப்பவனுக்கு அதுவே லாபம். கிருமி ஒன்றுதான். நாம் நின்று பார்க்கிற வரப்புதான் மாறுகிறது.

மன்னிப்பதற்கு நடந்தது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். வேறுவிதமாகவும் நடந்துகொள்ள முடிந்திருக்க வேண்டும். கிருமிக்கு இரண்டும் இல்லை. அதற்கு அது இரை. மண் மன்னித்தது என்று நாம் சொன்னதும், ஊற்றியவனும் ஊற்றச் சொன்னவனும் விற்றவனும் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார்கள். கேட்கப்படாத மன்னிப்பு கிடைத்தும்விட்டதாக ஆகிறது. எப்படியும் சுத்தமாகிவிடும் என்பது அடுத்த முறை ஊற்றுவதற்கும் அனுமதியாகலாம்.

எங்கள் ஊரில் இதற்கு விஷம் என்று பெயரில்லை. மருந்து. மருந்து அடிப்பார்கள். 1980களில் என் சித்தப்பா மருந்து குடித்துச் செத்தார். பயிருக்கு வாங்கி வைத்திருந்த மெதில் பாரத்தியான். சாவு வீட்டில்கூட அந்தச் சொல்லை யாரும் மாற்றவில்லை. இந்தியாவில் அதைத் தடைசெய்தது 2018இல்.

அவர் மருந்தடித்த வயலில் இன்று அதன் சுவடே இல்லாமல் இருக்கலாம். யாராவது பரிசோதித்து அப்படிச் சொன்னால் சந்தோஷப்படுவேன். அந்த நெல்லைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். இன்னும் மிச்சமிருந்தால் கிருமியைக் கொண்டுவந்து விட வேண்டியதுதான், தயங்க ஒன்றுமில்லை. ஆனால் மண் சுத்தமாவது ஒரு காரியம், கணக்குத் தீர்வது வேறு காரியம். முதலாவதைக் கிருமி செய்யும். இரண்டாவதற்கு அதைக் கூலியாள் வைக்க முடியாது.

எச்சம் என்ற சொல்லை விஞ்ஞானம் மிஞ்சிய விஷத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. செத்தவன் விட்டுப்போன பிள்ளைகளுக்கும் தமிழில் அதுதான் சொல். சித்தப்பாவுக்கு இரண்டு பெண்கள். அப்பா எப்படிச் செத்தார் என்று இருவரும் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அந்த வயதில் அவர்களுக்கு மார்வலி என்று சொல்லி வைத்திருந்தோம்.

நண்பருக்குப் பதில் எழுதுமுன் அவர்களுக்கு எழுத வேண்டும்.