வெறியா, ஊக்கமா?

விளையாட்டில் முன்னேற வேண்டுமாயின் இளமையிலேயே ஒரு வெறி வேண்டும் என்பர் பலர். அவ்வெறியை ஊட்டுவதே தம் கடமை எனக் கொண்ட தந்தையரைத் தலைநகரின் திடல்களில் காண்கிறோம். அண்மையில் ஒரு மாலை, ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த சிறுவனை அவன் தந்தை, நம்மவர்தாம், எல்லார் முன்னிலையிலும் ஏசினார். 'உனக்கு ரோஷமே இல்லையா?' என்றார். அதே சொல்லை நாமும் நம் மகனிடம் ஒருமுறை கூறியிருக்கிறோம். ஆதலின் அவரைப் பழிக்கும் தகுதி நமக்கில்லை.

அச்சினத்துள் அச்சம் ஒளிந்திருக்கிறது. மைய அரசின் எழுத்தர் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கீடு உண்டென்பதைக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் நன்கறிவோம். பதக்கம் சோறு போடக்கூடிய நாட்டில் இரண்டாமிடம் வெறும் இரண்டாமிடமாகத் தோன்றுவதில்லை.

ஆயினும் வெறி விரைவைத் தருமா? 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அவ்வோட்டத்தில் தடைகள் பத்து. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 35 மீட்டர். காலடிகளை எண்ணி வைக்கும் கலை அது; சினங்கொண்ட கால் எண்ணிக்கை தவறும். மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவர் ஐந்து தங்கம் வென்றார். தோற்ற பின்னும் திடலுக்குத் திரும்பும் அப்பிடிவாதத்தை வெறி என்றழைக்க நமக்கு மனம் வரவில்லை.

வள்ளுவர் ஊக்கமுடைமைக்குப் பொருட்பாலிலும், வெகுளாமைக்குத் துறவறவியலிலும் இடமளித்தார். 'விளையாடும் பிள்ளை என்ன துறவியா?' என்று நண்பரொருவர் நம்மை மடக்கினார். விடை எளிதன்று. சில பிள்ளைகளுக்குச் சினமும் உந்துகோலாவதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சினம் பிள்ளையினுடையதாதல் வேண்டும். தந்தை கடனாகத் தந்த சினம், அவர் திடலுக்கு வராத நாளில் தீர்ந்துபோகும்.

2024-இல் பாரிஸில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 89.45 மீட்டர் எறிந்தார். டோக்கியோவில் 2021-இல் அவருக்குத் தங்கம் தந்த 87.58 மீட்டரினும் அது மிகுதி, கிடைத்ததோ வெள்ளி. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்திருந்தார். தங்கம் வென்றவரும் தம் பிள்ளையே என்றார் நீரஜின் தாயார். அவ்வீட்டுப் பிள்ளைக்கு ஊக்கம் குறைந்ததாக எவரும் கூறார்.

நம் மகன் அன்றைய சொல்லுக்குப் பின் இரண்டு வாரம் ஓடச் செல்லவில்லை. மூன்றாம் வாரம், நம்மிடம் கூறாமலே, காலணியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். எத்தனை நொடியில் ஓடினான் என்று நாம் இன்றுவரை கேட்கவில்லை.