உடன் கொண்டு செல்வதா, விட்டுச் செல்வதா?

வளர்த்த பிராணியைக் கடல் கடந்து உடன் கொண்டு செல்வது அறமா, அறிந்தோர் கையில் ஒப்புவித்துச் செல்வது அறமா என்னும் வினா முதற்பார்வைக்குச் சிறியதாகவே தோன்றும். மானிடர் துன்பங்களே மலைபோற் குவிந்து கிடக்கையில் ஒரு நாயின் பயணத்தைக் குறித்து இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர் சிலர் வினவலாம். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவன்தான். பெங்களூரில் வாழும் என் தங்கையின் மகன் ஒரு மாலைப்பொழுதில் என்னெதிரே வந்தமர்ந்து, "மாமா, மணியை என்ன செய்வது? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டபோதுதான், அதற்கு எளிய விடை கிடையாது என்பதை உணர்ந்தேன்.

அவனுக்கு ஜெர்மனி நாட்டுப் பெர்லின் நகரில் வேலை கிடைத்திருந்தது. மனைவியும் உடன் செல்வதாக ஏற்பாடு. மணி எட்டு வயது நாட்டு நாய். ஒரு மழைக்காலத்தில் சாக்கடையோரம் நனைந்து நடுங்கிக் கிடந்த குட்டியை அவன்தான் சட்டைக்குள் பொதிந்து எடுத்து வந்தான். அன்று முதல் இரவில் அவன் காலடியிலும், பகலில் அவன் அலுவலகம் சென்றபின் என் தங்கையின் கட்டிலருகிலுமாக அது வளர்ந்தது. தங்கைக்கு வயது 68. முழங்கால் வலியுடையவள், இனி அவ்வீட்டில் தனியே இருக்கப் போகிறவள். ஆகவே நாய் அங்கேயே இருப்பதுதான் முறை என்று நான் தயக்கமின்றிக் கூறினேன். பழகிய வீடு, பழகிய தெரு, பழகிய குரல். இவற்றைப் பறித்து, எட்டு வயதில் அதனைப் பனி நாட்டுக்குக் கொண்டு செல்வது அன்பன்று, ஆசை என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அன்பையும் ஆசையையும் வேறு பிரித்துக் காண்பது எளிதன்று. விசுத்தி மார்க்கம் என்னும் பெருநூலை இயற்றிய புத்தகோசர், மைத்திரிக்குப் பகை இரண்டு என்கிறார். வெறுப்பு அதன் தொலைப் பகை. மலையில் மறைந்திருக்கும் பகைவனைப் போன்றது. கண்டவுடன் பகையென்று தெரிந்துவிடும். பற்றோ அண்மைப் பகை. மைத்திரியின் உடையையே உடுத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நடமாடும்; அன்பென்றே அதனை வரவேற்று உட்கார வைத்துவிடுவோம். "இதனைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது" என்னும் சொல்லில் நாய்க்கு இடம் எங்கே? 'என்னால்' என்பதுதானே அதில் எழுவாயாக நிற்கிறது!

இதற்கு மறுப்பாக என் மருமகன் தருமபுத்திரர் கதையை எடுத்துக் கூறினான். படித்த பிள்ளை, விடவில்லை. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின், அத்தினாபுரத்திலிருந்து தொடர்ந்து வந்த நாய் ஒன்றே தருமருக்குத் துணையாக எஞ்சியது. தேரோடு வந்த இந்திரன், நாயோடு வருவோர்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்றான். அண்டியதைக் கைவிட்டுப் பெறும் சொர்க்கம் தமக்கு வேண்டா என்று தருமர் மறுத்து நின்றார். சிறந்த கதைதான். ஆயின் அக்கதை தருமருக்கு ஒரு சலுகை செய்கிறது. அவர் உறுதியைக் கண்டதும் நாய் தன் வடிவத்தை மாற்றித் தருமதேவதையாக நின்றுவிடுகிறது! சொர்க்கத்து மாளிகையில் அது இரவெல்லாம் ஊளையிட்டதா, அடுத்த மாளிகைக்காரர் வந்து முறையிட்டனரா என்னும் தொல்லைகளுக்கு இடமே வைக்காமல் கதை வாயிலிலேயே முடிந்துவிடுகிறது. நம் நாய் கடைசி வரையிலும் நாயாகவே இருக்கும். நம்முடைய சோதனை வாயிலைத் தாண்டிய பின்னரே தொடங்குகிறது.

எனக்கோ அப்போது கந்தகன் என்னும் குதிரையின் நினைவு வந்தது. சித்தார்த்தர் நள்ளிரவில் அரண்மனையை விட்டு நீங்கியபோது அவரைச் சுமந்து சென்றது அக்குதிரைதான். அனோமா நதிக்கரையில் அணிகளைக் களைந்து சன்னனிடம் கொடுத்து, குதிரையோடு திரும்பிச் செல் என்றார். தலைவனை இனிக் காண்பதற்கில்லை என்றறிந்த கந்தகன், அவர் உருவம் கண்ணுக்கு மறைந்ததும் நெஞ்சு வெடித்து இறந்தது என்று ஜாதகக் கதைகளுக்கு முகப்பாக அமைந்த நிதான கதை கூறுகிறது. பின்னர் அது தேவருலகிற் பிறந்தது என்று ஆறுதலும் சொல்லப்படுகிறது. எனக்கு வியப்பளிப்பது அந்த ஆறுதலன்று. உலகுக்கே நன்மை விளைத்த அப்புறப்பாட்டிலும், விலை கொடுத்த ஒரு வாயில்லா உயிர் இருந்தது என்பதை நூலாசிரியர் மறைக்காமல் எழுதி வைத்தாரே, அந்த நேர்மைதான். புறப்படுவது சரியாகவே இருக்கலாம். அதன் விலையைச் செலுத்துவது யார் என்று திரும்பிப் பார்க்கும் கடமை அதனால் நீங்கிவிடாது.

இக்கடமை எங்கிருந்து பிறக்கிறது? காட்டு மானுக்கு நாம் சோறிட வேண்டுவதில்லை. அதனைத் துன்புறுத்தாதிருந்தால் போதும். நாயின் நிலை வேறு. 1914-ஆம் ஆண்டில் அதே ஜெர்மனியில், பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் கல்லுடைப்போர் ஒரு பழம் புதைகுழியைக் கண்டனர். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. குட்டியின் பற்களை ஆராய்ந்தோர், அது கடும் நோயுற்றிருந்தது என்றும், மனிதர் பேணியிராவிடில் அத்தனை வாரங்கள் உயிர் தரித்திருக்க முடியாது என்றும் 2018-இல் எழுதினர். வேட்டைக்கும் உதவாத நோய்க்குட்டியை எவரோ மடியில் வைத்துக் காத்திருக்கின்றனர். அன்று தொட்டு நாயின் உலகம் நம் கையால் அமைந்தது. அதன் சோறு, தூக்கம், கதவு, கயிறு அனைத்தும் நம் விருப்பப்படி. தன்னைத் தவிர வேறு புகலிடம் இல்லாதவாறு ஓர் உயிரை ஆக்கியவனுக்கு, அதனிடம் ஒரு கடன் உண்டு. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம், தக்க காரணமின்றிப் பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவதைக் குற்றமென்று கூறியது. இராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1953-இல் கொண்டுவந்த மசோதாவே அச்சட்டத்துக்கு வித்து. ஆயினும் அச்சட்டம் முதற்குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அக்கடனைச் சட்டம் வசூலித்துத் தரும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டா.

என் சொல்லை மருமகன் ஏற்கவில்லை. கொண்டு செல்வதென்றே முடிவு செய்தான். அதன்பின்னரே எனக்கு ஒன்று தெரிய வந்தது: இக்காரியம் பெட்டி கட்டிப் புறப்படுவதைப் போன்றதன்று. முதலில் நாயின் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட சில்லு ஒன்றைப் பொருத்த வேண்டும். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நோயெதிர்ப்பு போதிய அளவு உண்டு என்று தெரிந்தாலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வெறிநோய் வெளித்தெரியாமல் மாதக்கணக்கில் உடலில் ஒளிந்திருக்கக் கூடியதாதலின் இவ்விதி. இந்தியாவில் அந்நோய் இன்னும் ஒழியவில்லை. ஆகவே நம் நாய்களுக்கு அங்கே ஐயப் பார்வைதான். ஜப்பானோ 180 நாள் காத்திருக்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக நாயையும் பூனையையும் ஏற்பதே இல்லை.

இந்தக் காத்திருப்பைப் பலர் தொல்லை என்பர். நான் அதனை நல்லதென்றே கருதுகிறேன். ஆசை விரைவது; மைத்திரி காத்திருக்கும். நான்கு மாதமும் மருமகன் கூண்டை நடுக்கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே மணிக்குச் சோறு வைத்தான். முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு தலையை நுழைத்தது. இரண்டாம் மாதம் தானே உள்ளே சென்று உறங்கியது. நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் இடமுள்ள கூண்டாக இருக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து விதி. மயக்க மருந்து கொடுத்து அனுப்பினால் துன்பம் தெரியாதே என்று நான் கேட்டேன். உயரத்தில் மருந்து மூச்சையும் இதயத்தையும் தளர்த்திவிடும், கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். விழிப்போடுதான் அந்த இருளைக் கடக்க வேண்டும். ஜெர்மானியச் சிவில் சட்டம் விலங்குகள் பொருள்கள் அல்ல என்று 1990 முதல் கூறுகிறது. அந்நாட்டுக்குப் புறப்பட்ட மணியோ சரக்குக் கணக்கில் நிறுத்து, எடை போட்டு, ரசீது எழுதப்பட்டது! அழகுக்காக மூக்கைச் சப்பையாக்கி மனிதன் வளர்த்தெடுத்த பக் இன நாயாயிருந்தால் இதுவும் இல்லை. மூச்சுத் திணறி இறக்கும் என்று அஞ்சி விமானங்கள் பல அதனை ஏற்பதேயில்லை.

மணி உயிரோடும் நலத்தோடும் சென்று சேர்ந்தது. துன்பம் அதன் பின்னரே. வீடு தேடுவதில் நாய் என்ற சொல்லைக் கேட்டதும் கதவை மூடியோர் பலர். நாயும் பூனையும் அறவே கூடா என்று வாடகை ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதுவது செல்லாது என 2013-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும் ஒப்பந்தமே எழுத மறுப்பவரிடம் தீர்ப்பைக் காட்டி என்ன பயன்? ஒன்பது வீடு பார்த்த பின், நான்காம் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. பெங்களூரில் மணி வாயிற்படியில் படுத்துத் தெரு முழுவதையும் ஆண்டது. யார் வந்தார், எந்த நாய் எதனோடு சண்டையிட்டது, பால்காரன் ஏன் பிந்தினான் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. பெர்லின் தெருவில் உரிமையாளரின்றித் திரியும் நாயே கிடையாது. எல்லாம் கயிற்றின் முனையில்; மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிப்பதற்குள் இழுத்துச் செல்லப்படும். மின்தூக்கி அசைந்தவுடன் நான்கு காலும் விரிய ஒட்டிக்கொண்டு நடுங்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பனியில் கால் வைக்க மறுத்து, ஒரு நாள் முழுவதும் சிறுநீரை அடக்கிக் கிடந்தது. இருவரும் வெளியே சென்ற முதல் நாள், அவர்கள் திரும்பும் வரை ஊளையிட்டதாம். இரவு பத்து மணிக்கு மேல் ஓசையெழக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். தபால் பெட்டியில் அண்டை வீட்டார் குறிப்பு ஒன்று கிடந்தது. மரியாதையான சொற்கள், ஆனால் அச்சமூட்டுபவை.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மருமகன் தருமரின் சொல்லுக்கு உரை எழுதினான் என்பேன். ஒரு நிமிடம் கதவுக்கு வெளியே நின்று திரும்பினான், மறுநாள் மூன்று நிமிடம், பிறகு ஐந்து. அவன் மனைவி தனக்குக் கிடைக்கவிருந்த வேலையை இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். ஊரிலிருந்து புறப்படும்போது என் தங்கை, தான் உடுத்தித் துவைக்காத பழம்புடவை ஒன்றைக் கூண்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். மணி அதன்மீதே கிடந்தது, அதன்மீதே உறங்கியது. ஆண்டொன்றுக்கு 120 யூரோ நாய் வரி, கட்டாயக் காப்பீடு, மருத்துவர் கட்டணம் இவையெல்லாம் கணக்கில் அடங்கும். நாள்தோறும் விடியற்காலை உறைபனியில் ஒரு மணி நேரம் நடப்பது எந்தக் கணக்கிலும் அடங்காது. அதைச் செய்யக் கூடாதவன், செய்ய இயலாதவன், நாயைக் கொண்டு செல்லக் கூடாது. விடுவது கருணையாகும் இடமும் உண்டு. கையளிக்கப்படும் கை நாய்க்கு முன்பே தெரிந்த கையாக இருத்தல் வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். நாயின் நன்மை கருதியே அதனை விட்டுச் செல்லச் சொன்னேன் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மை அதுவன்று. மகன் போனபின் என் தங்கை தனிமையில் வாடுவாளே, அவளுக்கு ஒரு துணை வேண்டுமே என்பதுதான் என் எண்ணம். அவளைப் போய்ப் பார்த்துக்கொள்ளும் என் பொறுப்பில் பாதியை மணியின் முதுகில் ஏற்றிவிடப் பார்த்தேன். மருமகனின் ஆசையைக் கண்டுபிடித்த எனக்கு என்னுடையது தெரியவில்லை. நாங்கள் இருவரும் கூடத்தில் அமர்ந்து அறம் பேசிக்கொண்டிருந்த அதே மாலையில், சமையலறையிலிருந்து என் தங்கை சொன்னது இப்போதும் காதில் ஒலிக்கிறது: "அண்ணா, நாளை நான் விழுந்து கிடந்தால் அதற்குச் சோறு யார் வைப்பார்? அவனோடு போகட்டும்." அவ்வீட்டில் மணியை இழந்தால் மிகுதியாக இழப்பவள் அவள்தான். நாயின் பக்கத்தில் நின்று நினைத்துப் பார்த்ததும் அவள் ஒருத்திதான். அன்று அச்சொல்லை நான் பொருட்படுத்தவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். தொடக்கத்தில் தங்கையின் குரல் கேட்டதும் மணி துள்ளியெழுந்து வாயிற்கதவுக்கு ஓடுமாம், கதவைப் பிராண்டுமாம். சென்ற மாதம் நானும் உடனிருந்தேன். குரல் கேட்டுக் காதை நிமிர்த்தியது. வாலால் இரண்டு முறை தரையைத் தட்டியது. மீண்டும் தலையைச் சாய்த்துக்கொண்டது. புடவையைக் காணவில்லையே என்று தங்கை கேட்டாள். துவைத்து மடித்து வைத்துவிட்டோம், இப்போது அது தேவைப்படுவதில்லை என்றான் மகன். "நல்லது, பழகிவிட்டது" என்றாள்.

மாலையில் அவள் மணியின் பழைய மண்சட்டியில் நீர் நிரப்பி வாயிற்படியில் வைத்தாள். தெருவில் செம்மி நிறப் பெண் நாயொன்று இருக்கிறது; நாள்தோறும் வந்து குடித்துவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நிற்கும். கதவை மட்டும் அவள் திறப்பதில்லை.