அவர் நமக்கு என்ன முறை?

ஆடி அமாவாசைக் காலையில் குற்றாலம் பேரருவிக்கு முன்னால் தர்ப்பணம் கொடுக்க உட்காருகிறவர்களிடம் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். சாரல் தர்ப்பையை நனைத்துக்கொண்டிருக்கும். பெயர் மறந்துபோனாலும், கோத்திரம் தெரியாவிட்டாலும் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைசியில், நீர் விட யாருமில்லாமல் போய்ச் சேர்ந்த எல்லோருக்குமாக ஒரு கை எள்ளுத் தண்ணீர் விடச் சொல்வார். அந்தச் சடங்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஆனாலும் ஒரு துக்கம் அதற்குள்ளும் அடங்குவதில்லை. நாம் நேரில் பார்த்திராத, நம்மைத் தெரிந்தே இராத ஒரு நடிகர் இறந்துபோகிறார். அவருக்குக் குடும்பம் இருக்கிறது. செய்ய வேண்டியதை அவர்கள் செய்துவிடுவார்கள். நமக்குத் தீட்டு கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது, திதி கிடையாது. நெஞ்சில் மட்டும் என்னவோ கிடந்து உறுத்துகிறது. இதை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று சில காலமாகக் குறித்துவருகிறேன்.

*

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே சென்னையில் நகைச்சுவை நடிகர் விவேக் இறந்துவிட்டார் என்ற செய்தி தென்காசிக்கு வந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூர் அவருடைய பூர்விக ஊர். தென்காசி தனி மாவட்டமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சொந்தத்தில் சாவுச் செய்தி கேட்டால் செய்வது அது.

"ஆச்சி, அவரு நமக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

"சிரிக்கும்போது முறை பாத்தா சிரிச்சோம்?"

ஈரத்தோடு உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்கு நான் கேட்ட இரங்கல் உரைகள் எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

*

ஆச்சிக்குத் தெரியாத இன்னொரு சாவு. 2015 பிப்ரவரி 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் லெனர்ட் நிமாய் இறந்தார். எண்பத்து மூன்று வயது. நுரையீரல் நோய். முப்பது வருஷத்துக்கு முன்பே சிகரெட்டை விட்டுவிட்டேன், இருந்தும் போதவில்லை, நீங்களாவது இப்போதே விட்டுவிடுங்கள் என்று கடைசிக் காலத்தில் ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரில் அவர்தான் ஸ்பாக். அப்பா வல்கன் கிரகத்தவர், அம்மா பூமியைச் சேர்ந்தவள். கூர்மையான காது, உயர்ந்த புருவம், உணர்ச்சியை அடக்கி அறிவின்படி நடக்கப் பார்க்கிற மனம். எழுபத்தொன்பது அத்தியாயங்களோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். மறுஒளிபரப்பில்தான் அது உலகம் பூராவும் பரவியது. எண்பதுகளில் நம் தூர்தர்ஷனிலும் வந்தது. பின்னாளில் நிமாயே இயக்கிய நான்காவது ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில், 1986-ல், சென்னையின் விஜய் அமிர்தராஜ் ஒரு விண்கலத்தின் கேப்டனாகச் சில நிமிடங்கள் வருவார்.

ஸ்பாக் கையை உயர்த்தி, நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே பிரித்துக் காட்டுவார். வல்கன்களின் வணக்கம் அது. நிமாய் இறந்த மறுநாள், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த டெர்ரி வர்ட்ஸ் தன் கையை அப்படியே பிரித்து ஜன்னலருகே நீட்டிப் படம் எடுத்தார். கைக்குப் பின்னால் பூமி. கீழே தெரிந்த கரை, நிமாய் பிறந்த பாஸ்டன் இருக்கும் பகுதி.

கனடாவில் வேறு மாதிரி. அங்கே ஐந்து டாலர் நோட்டில் வில்ஃப்ரிட் லோரியே என்ற பழைய பிரதமரின் முகம். ரசிகர்கள் பேனாவால் அவருக்குக் காதையும் புருவத்தையும் கூராக்கி ஸ்பாக் ஆக்கினார்கள். சட்டப்படி குற்றமில்லை, ஆனாலும் இப்படிச் செய்யாதீர்கள் என்று அந்நாட்டு மத்திய வங்கி கேட்டுக்கொண்டது. நிமாய் இறந்த வருஷமே, 1988-ல் கண்டுபிடிக்கப்பட்டு 4864 என்ற எண்ணோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு குறுங்கோளுக்கு நிமாய் என்று பெயர் வைத்தார்கள்.

யாரும் இவர்களுக்கு இதைச் செய் என்று சொல்லித்தரவில்லை. சடங்கு இல்லாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு சடங்கு முளைத்திருக்கிறது.

*

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதை நிமாய் பல முறை சொல்லியிருக்கிறார். உக்ரைன் பகுதியிலிருந்து பாஸ்டனுக்குக் குடியேறிய யூதக் குடும்பம் அவருடையது; அப்பா முடிதிருத்துகிறவர். சிறுவயதில் ஜெப ஆலயத்தில் பூசகர்கள் துணியால் தலையை மூடிக்கொண்டு, விரல்களைப் பிரித்து ஆசி வழங்குவார்கள். அப்போது யாரும் பார்க்கக்கூடாது. பையன் பார்த்துவிட்டான். 1967-ல், வல்கன்கள் ஒருவரையொருவர் எப்படி வணங்குவார்கள் என்ற கேள்வி படப்பிடிப்பில் வந்தபோது, பார்க்கக்கூடாத அந்தக் கையை நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

குற்றாலம் சித்திரசபையில் இதை நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஐந்து சபைகளில் மற்ற இடங்களில் எல்லாம் நடராஜர் விக்கிரகமாக ஆடுகிறார். இங்கே மட்டும் ஓவியம். சுவரில் தீட்டிய வண்ணத்துக்குத்தான் மார்கழித் திருவாதிரையில் தீபாராதனை. அஞ்சாதே என்று உயர்ந்திருக்கும் அந்தக் கையும் வண்ணம்தான். பார்க்கிறவனுக்கு அது போதுமானதாக இருக்கிறது. திரையில் கண்ட கையைப் பார்த்து அழுகிறவர்களைப் பொய்யை நம்பி அழுகிறவர்கள் என்று யாராவது சொன்னால், இந்த ஊரில் இருந்துகொண்டு என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

*

ரசிகமணி டி.கே.சி. கடைசிவரை குற்றாலத்தில் வாழ்ந்தவர். 1954-ல் மறைந்தார். கம்பர் பெயரில் இருக்கும் செய்யுள்களில் பெரும்பகுதியை இது கம்பர் பாட்டே அல்ல என்று ஒதுக்கிவைத்தார். புலவர்கள் கோபப்பட்டார்கள்; அதில் நியாயம் இருக்கிறது. ஏடுகளை ஒப்பிட்டு எடுத்த முடிவு அல்ல அது. ஆனால் பல நூற்றாண்டுக்கு முன் போன ஒருவரின் குரல் தனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்று ஒரு மனிதர் நம்பினாரே, அந்த நம்பிக்கையின் முன்னால் நான் நின்றுவிடுகிறேன்.

ஸ்டார் ட்ரெக் ரசிகர்களிடமும் இதே பிடிவாதம் உண்டு. ஸ்பாக் இப்படிப் பேசமாட்டான் என்பார்கள். நிமாயும் அப்படித்தான் எழுத்தாளர்களோடு வாதாடினார். துப்பாக்கிக் கட்டையால் ஒருவனை அடித்து வீழ்த்தும்படி காட்சி எழுதப்பட்டிருந்தபோது, ஸ்பாக் அப்படி அடிக்கமாட்டான் என்று சொல்லி, கழுத்தோரம் விரலால் அழுத்தி மயங்கவைக்கும் முறையைப் புகுத்தியது அவர்தான். அதே மனிதர் 1975-ல் 'நான் ஸ்பாக் அல்ல' என்று பொருள்படும் தலைப்பில் தன் வாழ்க்கையை எழுதினார். ரசிகர்கள் புண்பட்டுப்போனார்கள். இருபது வருஷம் கழித்து 'நான் ஸ்பாக்' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். நெடுங்காலம் பேசாமலிருந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளையை ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்றுக்கொண்டார்கள்.

*

பிப்ரவரி 27 நமக்கும் ஒரு நாள்தான். 2008-ல் அந்தத் தேதியில் சுஜாதா போனார். நடிகர் அல்ல, எழுத்தாளர். ஆனால் தமிழனுக்கு விஞ்ஞானக் கதை என்ற ஆசையையே உண்டாக்கியவர். அவருடைய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்காக மனசு அடித்துக்கொண்ட பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். உயிரே இல்லாத ஒன்றுக்காகப் பதறுவதற்கு எங்கள் தலைமுறையைப் பழக்கியது அந்த நாய்.

பாய்ஸ், அந்நியன், சிவாஜி என்ற மூன்று படங்களுக்கும் வசனம் சுஜாதா. மூன்றிலும் விவேக் இருக்கிறார். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக உழைத்த பொறியாளரும், மூடநம்பிக்கையைச் சிரிப்பால் உதறச் சொன்ன நடிகரும் ஒரே படத்தில் வேலை செய்ததை இப்போது நினைத்துப் பார்த்தால் நிறைவாக இருக்கிறது.

*

ஸ்டார் ட்ரெக்கில் விண்கலத்தின் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்தவர் ஜேம்ஸ் டூஹன். 2005-ல் இறந்தார். அவர் அஸ்தியில் ஒரு சிட்டிகையை விண்வெளிக்கு அனுப்ப விரும்பினார்கள். 2007-ல் நியூ மெக்சிகோவிலிருந்து கிளம்பிய ராக்கெட் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி விழுந்தது. 2008-ல் அனுப்பிய ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போகாமலே அழிந்தது. 2012-ல்தான் பூமியைச் சுற்றி வந்தது, சில வாரங்கள்.

அதே தொடரில் உகூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்க எழுபதுகளில் நாசாவுக்காக ஊர் ஊராகப் போனவர். 2022-ல் அவர் இறந்தபோது, அஞ்சலி செலுத்தியவர்களில் உண்மையாகவே விண்வெளிக்குப் போய்வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு நடிகைக்கு இதைவிட என்ன வேண்டும்?

விவேக்கின் அஸ்தியைப் பெருங்கோட்டூருக்குக் கொண்டுவந்து மண்ணில் புதைத்து மேலே மரக்கன்று நட்டார்கள். அப்துல் கலாம் கேட்டுக்கொண்டபடி ஒரு கோடி மரம் நட இறங்கியவர் விவேக். முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்தபோது போய்விட்டார். அந்த வாரம் தமிழ்நாடெங்கும் அவர் பெயரைச் சொல்லிக் கன்று நட்டார்கள். கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. முகக்கவசத்தோடு குழி தோண்டினார்கள். வர்ட்ஸ் கையை விரித்ததும் இவர்கள் குழி தோண்டியதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. போனவர் செய்துகொண்டிருந்ததை எடுத்து, இருக்கிறவர் செய்கிறார். முறை இல்லாதவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் கர்மம் இது.

*

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர். இந்தக் கோயில் பழுதுபடும் காலத்தில் அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாரோ, அவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்வெட்டில் பொறித்துவைத்தார். கோபுரம் பின்னால் எரிந்து, பிளந்து, மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990-ல்தான் மீண்டும் எழும்பிக் குடமுழுக்கு ஆனது. பிறக்காதவர்களுக்கு ஒரு ராஜா செய்த வணக்கம் அவ்வளவு காலம் கல்லில் காத்திருந்தது. நாம் போனவர்களை நோக்கி ஒருதலையாக அழுகிறோம் என்று சொல்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ நம்மை எண்ணியிருக்கலாம்.

*

விவேக்குக்காகக் கன்று நட்டதைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சித்திரை மரம் நடுகிற மாதமே அல்ல. குற்றாலத்தில் எப்படியோ பிழைக்கும். மலை பக்கத்தில் இருக்கிறது, ஆனியிலேயே சாரல் வந்துவிடும். சங்கரன்கோவில் பக்கம் அப்படியில்லை. அங்கே தென்மேற்குப் பருவம் காற்றை மட்டும்தான் அனுப்பும். மழைக்கு ஐப்பசிவரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் நட்ட கன்றுக்கு ஆறு மாதம் யாராவது குடத்தில் தண்ணீர் சுமந்தால்தான் உண்டு. ஆடும் மாடும் கடிக்காமல் முள் வெட்டிப் போட வேண்டும். நட்ட அன்று படம் எடுக்க ஆள் வருவார்கள். வைகாசியில் குடம் தூக்குகிறவர்தான் உண்மையில் துக்கம் காக்கிறவர்.

தெற்குத் தெருப் பையன்கள் நான்கைந்து பேர் அப்படித் தூக்கினார்கள். பட்டுப்போன இடங்களில் ஐப்பசியில் மறுபடி நட்டார்கள். இப்போது வேம்பு இரண்டும் புங்கை ஒன்றும் ஓட்டு வீட்டு உயரம் தாண்டிவிட்டன. இந்த வருஷத்துக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். நாவல் கிடைத்தால் நாவல், இல்லாவிட்டால் வேம்பே போதும். குழியை மட்டும் புரட்டாசிக் கடைசியிலேயே வெட்டி ஆறவிட வேண்டும்.