ஓய்வு நாளும் ஐந்து காலமும்

ஸ்ரீ:



வாசுதேவன் திருநாமத்தைத் தாங்கிய இவ்வூரைச் சுற்றி, வேலை ஓயும் பருவங்கள் பல உண்டு. பிசான அறுவடை முடிந்தால் கார் நடவு வரையில் வயலில் வேலை குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செங்கற்சூளைகள் ஓய்ந்திருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் விடுப்பெடுத்துக்கொண்டு குற்றாலச் சாரலை நாடி வருவோரும் பலர்.

வேலை நாட்களில், ‘பெருமாளை நினைக்கப் பொழுதேது?’ என்கிறோம். பொழுது கிடைத்த பின்போ, அது போன வழியே தெரிவதில்லை. விடிந்தும் உறக்கம், பகலில் சீட்டாட்டம், இரவில் கைப்பேசி என்று நாள் கழிகிறது. சில இல்லங்களில் அறுவடைப் பணமும் அவ்வோய்வு நாட்களோடே மதுக்கடைக்குப் போய்ச் சேர்கிறது. உழைத்த காலத்தில் ஒழுங்காக இருந்தவரே ஓய்ந்த காலத்தில் கெடுவதைக் கண்முன் காண்கிறோம்.

ஸ்ரீமத் ராமாயணம் கிஷ்கிந்தா காண்டத்தில் இதற்கு ஒரு த்ருஷ்டாந்தம் உண்டு. வாலி வதத்திற்குப் பின் கார்காலம் நான்கு மாதம், படை நடத்த இயலாத ஓய்வு. சுக்ரீவன் நெடுநாள் துன்பப்பட்டவன். அரண்மனைச் சுகம் கிடைத்ததும் காலத்தையே மறந்தான். மழை விட்டு வானம் தெளிந்ததும் திருவடியாகிய அநுமன் அவனுக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று. அதன் பின்னும் அவன் அந்தப்புரத்திலேயே இருக்க, இளையபெருமாள் வில்லேந்திக் கோபத்தோடு எழுந்தருளினார்.

அதே மழையில் ப்ரஸ்ரவண மலைக் குகையில் இருந்த சக்ரவர்த்தித் திருமகன் எவற்றை நினைத்தார்? ஸாமவேதிகளுக்கு அத்யயன காலம் வந்துவிட்டதே என்றார். வேண்டியவற்றைச் சேகரித்து, மற்றக் காரியங்களை முடித்துக்கொண்டு, பரதன் இந்நேரம் ஆஷாட வ்ரதத்தில் அமர்ந்திருப்பான் என்றார். மழை எல்லோருக்கும் ஒன்றே. ஒருவனுக்கு அது மறதியாயிற்று. மற்றவர்க்கு அத்யயனமும் வ்ரதமும் ஆயிற்று.

அவ்வாறு பொழுதைப் பகுக்கும் வழியைப் பாஞ்சராத்ர சாஸ்த்ரம் ‘பஞ்சகாலம்’ என்று காட்டுகிறது. 1268-இல் அவதரித்த ஸ்வாமி தேசிகன் பாஞ்சராத்ர ரக்ஷையில் இதனை விரிவாக நிலைநாட்டியருளினார். விடியலில் எம்பெருமானை அணுகுவது அபிகமனம். ஆராதனத்திற்கு வேண்டிய த்ரவ்யங்களைத் தேடுவது உபாதானம். நண்பகலில் திருவாராதனம் செய்வது இஜ்யை. பிற்பகலில் நல்ல நூல்களை ஓதுவதும் கேட்பதும் ஸ்வாத்யாயம். இரவில் அவனையே த்யானித்து, அந்நினைவோடு உறங்குவது யோகம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் தொழிலும் சம்பாத்யமும் உபாதானத்தில் அடங்கும். வேலை நாட்களில் அவ்வொன்றே மற்ற நான்கின் பொழுதையும் விழுங்கிவிடுகிறது. வேலை ஓய்ந்தால் ஓய்வு அந்த ஒன்றிற்கு மட்டுமே. நாமோ ஐந்திற்குமே விடுமுறை கொடுத்துவிடுகிறோம். கெடுதி அங்கே புகுகிறது.

ஆகையால் ஓய்வு நாளுக்கு ஐந்து சிறு முளைகளை அடித்து வையுங்கள். காலையில் நீராடி, வேறெதையும் தொடுமுன் சந்நிதிக்கோ பூஜையறைக்கோ செல்லுங்கள். பின்பு துளசி பறித்தல், கோயில் திருமுற்றம் பெருக்குதல் ஆகியவற்றில் ஒன்றைச் செய்யுங்கள். அதுவே அன்றைய உபாதானம். நண்பகலில் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணிய ப்ரஸாதத்தை வீட்டார் அனைவரும் கூடி உண்ணுங்கள். பிற்பகலில் குழந்தைகளை அருகில் இருத்தி ராமாயணத்தில் ஒரு ஸர்க்கமாவது படியுங்கள். படிக்கத் தெரியாதவர் கேளுங்கள். இரவில் திருநாமம் சொல்லிக் கண்ணுறங்குங்கள். இவற்றின் இடையிலே இளைப்பாறுதலுக்கும் அருவி நீராட்டத்திற்கும் தாராளமாக இடமுண்டு. முளையடித்த கயிற்றில் மேயும் பசு வயிறும் நிரம்பும், வழியும் தவறாது.

உத்ஸவம் முடிந்து இல்லம் திரும்பும் நாளிலேயே இதனைத் தொடங்குங்கள். சுக்ரீவனுக்கு நினைவூட்டத் திருவடி இருந்தார். நமக்கு விடியற்காலைக் கோயில் மணி இருக்கிறது.

எம்பெருமான் எல்லோருக்கும் நற்பொழுதையும் நல்லறிவையும் அருள்வானாக.

சுபம்.