என்ன குழந்தை?

கே.கே. நகரில் எங்கள் வீட்டு பால்கனித் தொட்டியில் கப்பி குட்டி போட்டது. கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும். பதினான்கு குஞ்சுகள், சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. என் மகள் எண்ணி முடிப்பதற்குள் மேல்வீட்டு மாமா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இதுல ஆண் எத்தனை, பெண் எத்தனை?"

இவள் பிறந்த அன்று நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதற்கு முன்னால் ஃபோனில் வந்த கேள்வி, "என்ன குழந்தை?" பிறப்பதற்கு முன்பே அதைக் கேட்பவர்களைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது. பெண் சிசுக்களைக் கொல்லாமல் விட்டுச் செல்லட்டும் என்று 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. அதனால் யார் எதைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டாலும் எனக்குள் ஏதோ இறுகிவிடுகிறது.

கப்பிக் குஞ்சிடம் இதற்கு உடனே பதில் கிடையாது. முதல் சில வாரங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நிறம் வந்தால் ஆண் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நிறத்துக்காகக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். பார்க்க வேண்டியது வயிற்றுக்குக் கீழே, ஆசனவாயை ஒட்டி இருக்கும் துடுப்பை. பெண்ணுக்கு அது விசிறிபோல விரிந்தே இருக்கும், அதன் பக்கத்தில் வயிற்றில் ஒரு கருநிழல் விழும். ஆணுக்கு அதே துடுப்பு மெல்ல ஒடுங்கி, பின்னோக்கி நீட்டிய குச்சியாகும். இணை சேர்வதற்கான உறுப்பு அது. மகள் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகத் தொட்டியின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொரு தொட்டி வாங்கக் கொளத்தூருக்குப் போனோம். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம். ஒரு கடையில் "வெர்ஜின் ஃபீமேல் இருக்கு, ரேட் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் கடைக்காரர். காரணம் புரிந்தது. ஒருமுறை இணை சேர்ந்த பெண் கப்பி அந்த விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பலமுறை குட்டி போடும். குறிப்பிட்ட ரகத்தைத் தூய்மையாக வளர்க்கிறவருக்கு அது ஆகாது. சரி. ஆனால் அதற்கு இந்தச் சொல்தானா கிடைத்தது? "வெர்ஜின் மேல் இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், மகளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

அந்தக் கோபத்தோடு வீடு திரும்பி, எங்கள் தொட்டியில் யாரையும் பிரிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். சில வாரங்களில் ஆண்கள் துரத்தத் தொடங்கின. ஒரு பெண் மீன் ஃபில்டருக்குப் பின்னாலேயே ஒண்டி நின்றது, தீனிக்குக்கூட வரவில்லை, வால் கிழிந்திருந்தது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்ணாவது இருந்தால்தான் துரத்தல் ஒன்றின் மேலேயே விழாது என்பது மீன் வளர்க்கிறவர்களின் பாலபாடம். அதற்கு யார் எது என்று தெரிந்தாக வேண்டும். பேதம் பார்க்க மாட்டேன் என்ற என் பெருமைக்கு விலை கொடுத்தது அந்த வால்.

கேட்காமல் இருப்பதும் அநியாயம் ஆகலாம் என்றால், எந்தக் கேள்வி நியாயமானது? பதில் கிடைத்த பிறகு யாருக்கு என்ன கடமை வருகிறது என்று பார்க்கிறேன். பெண் என்று தெரிந்ததும் அந்த மீனுக்கு நான் இடம் தர வேண்டியிருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றபோது, பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே ஓடிய அவரைச் சோதித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தப் பதிலால் அவருக்கு யார் என்ன செய்தார்கள்?

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைபால் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ "சரிசெய்யும்" அறுவை சிகிச்சையைத் தடை செய்யச் சொன்னது. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிராபத்து இருந்தாலொழியக் கூடாது என்று அரசாணையும் வந்தது. பெற்றோர் தெரிந்துகொள்வதை அது தடுக்கவில்லை, கத்தியைத்தான் தடுத்தது.

மன்னார் வளைகுடாவில் கோமாளி மீன்கள் உண்டு. கூட்டத்தில் பெரியது பெண். அது செத்தால் அதன் ஜோடியான ஆண் பெண்ணாகிவிடும். ஆனால் மீனைக் காட்டி மனிதருக்கு நியாயம் பேச எனக்கு விருப்பமில்லை. கப்பி தன் குட்டியையே தின்னவும் செய்கிறது.

பதினான்கில் ஒன்று செத்துவிட்டது. ஆறு பெண், ஐந்து ஆண், தனித்தனியாக. மீதி இரண்டுக்கும் துடுப்பு இன்னும் இப்படியுமில்லை அப்படியுமில்லை. அவற்றை நீல டப்பில் விட்டிருக்கிறோம். நேற்று மாமா அதையும் எட்டிப் பார்த்தார். "இது ரெண்டும் என்னம்மா?"

"பார்த்துட்டிருக்கோம் தாத்தா. தண்ணி மாத்தணும், கொஞ்சம் அந்த மக்கை எடுங்களேன்" என்றாள் மகள்.