எதன் கணக்கில் எழுதுவது?

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. "அப்புறம் என்னடி, நல்லாத்தானே இருக்கு. நீயா எதையாவது நினைச்சுக் குழப்பிக்கறே" என்றாள் அம்மா. எனக்கு வந்திருப்பது லூபஸ், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய். அது வந்து நினைவும் கவனமும் தடுமாறுகிற பலருக்கு ஸ்கேன் சுத்தமாகத்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் நிம்மதியாவது முழுசாக இருக்கட்டும்.

*

என் வேலை பிழைதிருத்தம். மூலப்படி இடது பக்கம், அச்சுப்படி வலது பக்கம். இடப்பக்கம் ஒரு வாக்கியத்தைப் படித்து, மனசில் ஏந்திக்கொண்டு வலப்பக்கம் வருவதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. திரும்பப் போகிறேன். மறுபடி உதிர்கிறது. இப்போது வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு அரை வரி அரை வரியாக நகர்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், யாராவது 'சுவற்றில்' என்று எழுதியிருந்தால் பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் படுகிறது. ஒற்று மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தால் கை தானாகவே சுழித்துவிடுகிறது. பள்ளிக்கூடத்து இலக்கணம் அப்படியே இருக்கிறது. சற்று முன் படித்த வரிதான் இல்லை. இந்த நோயில் அதிகம் அடிபடுவது கவனமும், வேகமும், ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் திறனும் என்கிறார்கள். என் மேஜையில் அது அப்படியே பொருந்துகிறது.

*

அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு, லூபஸ் நரம்பையும் மனசையும் தாக்கும் விதங்களை 1999-இல் பட்டியலிட்டது. மொத்தம் 19. வலிப்பு, சித்தபிரமை, அறிவாற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. அதே பட்டியலில் தலைவலியும் பதற்றமும் உண்டு. இவை இரண்டும் இல்லாத மனுஷர் யார்? இன்றைய தலைவலியை லூபஸ் கணக்கில் எழுதுவதா, கரண்ட் பில் கணக்கில் எழுதுவதா? வல்லுநர்களும் அன்றிலிருந்து இதே கேள்வியோடுதான் மல்லாடுகிறார்கள்.

அறிவாற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சோதனை ஒரு மணி நேரம். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். சொற்களை வாசித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். அமைதியான அறை, ஒரு நேரத்தில் ஒரு வேலை. அங்கே யாரும் காலிங் பெல் அடிப்பதில்லை, குக்கர் கூவுவதில்லை. நோயாளி சொல்லும் குறையும் சோதனையில் வரும் மதிப்பெண்ணும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. குறை சொல்வது சோர்வோடும் மனத்தளர்ச்சியோடும்தான் அதிகம் சேர்ந்து வருகிறதாம். இதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு, சோர்வு மட்டும் என்ன இளப்பமா என்று தோன்றியது.

*

எலிகளைப் பற்றிப் படித்ததை எழுதிவைக்கிறேன்.

நியூயார்க்கில் பெட்டி டயமண்டின் குழு 2001-இல் ஒன்றைக் கண்டது. லூபஸில் உடம்பு தன் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை உண்டாக்கும். அவற்றில் சில, மூளை நரம்பணுக்களில் நினைவு பதிவதற்கு வேண்டிய என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையும் பற்றிக்கொள்கின்றன. இந்த ஆன்டிபாடி எலியின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு காக்கிறது. பாக்டீரியா நஞ்சைக் கொடுத்துத் தடுப்பைத் தளர்த்தினால், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்கள் சாகின்றன. அட்ரினலின் கொடுத்துத் தளர்த்தினால் ஹிப்போகாம்பஸ் தப்பிக்கிறது, அமிக்டலா அடிபடுகிறது; எலி அச்சப்படக் கற்றுக்கொள்வது கெடுகிறது.

ஆன்டிபாடி ஒன்றுதான். எந்த வாசல் திறந்தது என்பதைப் பொறுத்து இழப்பு மாறுகிறது. ஒரு காய்ச்சல் ஒரு வாசலை, ஒரு பெரும் பதைப்பு இன்னொரு வாசலை. மனுஷருக்கும் இப்படித்தான் என்று நீட்டக் கூடாது, தெரியும். அந்த ஏற்பியை அடக்கும் மெமன்டைன் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; பலன் தெரியவில்லை. ஆனாலும் காய்ச்சல் வரும் இரவுகளில் அந்த எலிகளை நினைத்துக்கொள்கிறேன்.

*

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் வளர்த்த மயில்களில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அவருடைய காலை நேரம்தான் முக்கியம். அப்பா 1941-இல் லூபஸில் இறந்தார். மகளுக்கும் அதுவே வந்தபோது, மூட்டுவாதம் என்று சொல்லி மறைத்தார் அம்மா. 1952-இல் ஒரு தோழிதான் உண்மையைச் சொன்னாள். அதுவரை தன் வலியையெல்லாம் வேறொரு நோயின் கணக்கில் எழுதிவந்திருக்கிறார். ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் அருகே பண்ணை வீட்டில், தினமும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் எழுத்து. அதற்குமேல் உடம்பு இடம்கொடுக்காது. 1964-இல், 39 வயதில் இறந்தார்.

நானும் கடினமான பக்கங்களைக் காலைக்கு ஒதுக்கிவிட்டேன். போன் எல்லாம் மத்தியானத்துக்கு மேல்.

*

நான் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை பிரெட்னிசலோனின் கணக்குத்தான் கடைசிவரை நேராவதில்லை. நோய் சீறும்போது அதுதான் அடக்குகிறது. அடங்கினால் தலையும் தெளிகிறது. அதே மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கிறது, மனசை விரட்டுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் ஒரு வரியும் நிற்பதில்லை. வரவிலும் அது, செலவிலும் அது.

*

ஓ.பி.யில் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். தையற்காரி. "அளவு எடுத்து நோட்டுல எழுதறதுக்குள்ள மறந்துடுதுக்கா. இப்ப துணி மேலயே சாக்பீஸ்ல எழுதிடறேன்" என்றாள். கழுத்து இறக்கத்தையும் கைநீளத்தையும் மாற்றி எழுதிவிடாதபடி கழுத்துக்கு வட்டம், கைக்குக் கோடு என்று அடையாளமும் வைத்திருக்கிறாள்.

"உங்களுக்கு இது நோயாலயா, மாத்திரையாலயா?"

"தெரியலையேம்மா."

"எனக்கும் தெரியலக்கா. நீங்க என்ன பண்றீங்க?"

ஸ்கேல் வைத்துப் படிப்பதைச் சொன்னேன். ஸ்டீலா, மரமா என்று கேட்டாள். ஸ்டீல் என்றேன்.

"ஸ்டீல்னா லைட்டு பட்டுக் கண்ணடிக்கும். மரம் வாங்குங்கக்கா."